சாமந்தி ஏன் மொட்டு வைக்கவில்லை? பருவக் கடைசித் தோட்டமும் ஒரு வீட்டின் பத்து வாரமும்

பருவம் முடியும் நேரத்தில் பூச்செடிக்கு வரும் கோளாறுகளில் பலவற்றுக்கு, செடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் காரணம் கிடைக்காது. வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள், எந்த விளக்கு எப்போது எரிகிறது, சலவைத் தண்ணீர் எங்கே போகிறது, தண்ணீர் ஊற்றும் கை மாறியதா என்றெல்லாம் கேட்க வேண்டியிருக்கும். இங்கே எடுத்துக்கொண்ட வீட்டில் இந்த நான்கும் ஒரே சமயத்தில் மாறின. ஆறாவது வாரத்தில் தோட்டம் முழுக்க நோய் பிடித்ததுபோல் நின்றது. உண்மையில் நோய் என்று சொல்லத்தக்கவை மூன்றுதான். அவையும் பின்னால் வந்து சேர்ந்தவை.

வீடும் செடிகளும்

கிழக்கு பார்த்த வராந்தா. கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையாக ஒன்பது சாமந்தித் தொட்டிகள், எல்லாம் 25 செ.மீ. வாய் அகலம். வரிசையின் நடுவே ஒரு தூண். சுற்றுச்சுவர் ஓரத்தில் 6 மீட்டர் நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள பாத்தி. அதில் ஜினியா, காஸ்மாஸ், செண்டுமல்லி, மூன்று ரோஜா. படிக்கட்டில் 15 செ.மீ. சின்னத் தொட்டிகளில் குட்டைச் செண்டுமல்லி. முற்றத்தில் 30 செ.மீ. தொட்டிகளில் இரண்டு டேலியா, இரண்டு ரோஜா. தொட்டிக் கலவையில் பாதி கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மீதி மண்புழு உரமும் மண்ணும். பாத்தி மண் களி கலந்தது. இந்த விவரம் பின்னால் முக்கியமாகிறது.

செடிகளைப் பார்த்துக்கொண்டது வீட்டு அம்மா ஒருவர்தான். காலையில் இருபது நிமிடம்: தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்ப்பது, தேவையானதற்கு மட்டும் தண்ணீர், வாடிய பூவைக் கிள்ளுவது. அவ்வளவுதான். அந்த இருபது நிமிடம் எவ்வளவு வேலையைத் தாங்கியிருந்தது என்பது அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

முதல் வாரம், இடுப்பெலும்பு அறுவை முடிந்து பாட்டி வீடு திரும்பினார். படுக்கை முன்னறையில். கழிவறைக்கு வராந்தா வழியாகப் போக வேண்டும் என்பதால் கதவுக்கு மேலிருந்த 9 வாட் எல்.இ.டி. பல்பு இரவு முழுக்க எரிய ஆரம்பித்தது. இரண்டாவது வாரம் சலவை இரட்டிப்பானது. பாத்திக்கு மேலே இன்னொரு கொடி கட்டி, படுக்கை விரிப்புகளைக் காலை முதல் மதியம் தாண்டும்வரை உலர்த்தினார்கள். மூன்றாவது வாரம் சலவை இயந்திரத்தின் கழிவுநீர் போகும் குழாய் சுவருக்குள் அடைத்துக்கொண்டது. குழாய் வேலை செய்பவர் வரும்வரை என்று சொல்லி, இயந்திரத்தின் வெளியேற்றுக் குழாயை ஜன்னல் வழியாகப் பாத்தியில் விட்டார்கள். அது இரண்டு வாரம் நீடித்தது. தண்ணீர் ஊற்றும் வேலை, தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மகனிடம் போனது. ஐந்தாவது வாரம், சாமந்தியில் இலை மட்டும் வருகிறதே என்று தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி யூரியா போடப்பட்டது.

இந்தத் தேதி வரிசைதான் ஆய்வின் முதல் ஆவணம். சமையலறை நாட்காட்டியில் மருத்துவமனைத் தேதிகள் குறித்து வைத்திருந்ததால் இவ்வளவு துல்லியமாகக் கிடைத்தது. செடியில் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து மூன்று வாரம் பின்னோக்கிப் போய், அப்போது வீட்டில் என்ன மாறியது என்று பார்ப்பது பூச்சிமருந்துக் கடைக்குப் போவதைவிடப் பயனுள்ள பழக்கம்.

இரவு விளக்கு

ஒன்பது சாமந்தியும் ஒரே தாய்ச்செடியின் பதியன்கள். ஒரே நாளில் தொட்டிக்கு மாற்றியவை, ஒரே கலவை, யூரியாவும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. ஆறாவது வாரத்தில் கதவுப் பக்கத்து நான்கு தொட்டிகளில் மொட்டே இல்லை. தண்டு நீண்டு, கரும்பச்சை இலையாக நின்றன. தூணுக்கு அந்தப் பக்கம் இருந்த நான்கிலும் பட்டாணி அளவு மொட்டுகள். ஐந்தாவது தொட்டி தூணின் நிழல் விளிம்பில் இருந்தது. அதில் நிழலுக்குள் இருந்த கிளைகள் மொட்டு வைத்திருந்தன; வெளிச்சத்தில் இருந்த கிளைகளின் நுனியில் மொட்டு போல ஒன்று, அதைச் சுற்றி ஒல்லியான, ஓரம் வெட்டுப்படாத நீள இலைகள், அவற்றின் அடியில் புதிய இலைத்தளிர்கள். பூக்கத் தொடங்கிவிட்டு நடுவில் மனம் மாறிய கிளை இப்படித்தான் இருக்கும். இரவு போதிய நீளம் இல்லாதபோது சாமந்தியில் வரும் அரைகுறை மொட்டு இது. நன்றாக விரியாது.

சாமந்தி நீண்ட இரவைப் பார்த்துப் பூக்கும் செடி. பகல் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள தொடர்பை 1920இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு இருவரும் வெளியிட்டார்கள். செடி அளப்பது பகலை அல்ல, தடைபடாத இருட்டின் நீளத்தை என்பது பிறகு தெளிவானது. இலையில் உள்ள ஃபைட்டோக்ரோம் என்ற நிறமி அந்தக் கணக்கை வைத்துக்கொள்கிறது. நள்ளிரவில் சில மணி நேரம் வெளிச்சம் பட்டாலே ஒரு நீண்ட இரவு இரண்டு குட்டி இரவுகளாகிவிடும். செடி கோடை என்றே நினைத்து இலை விடும். பூப்பண்ணைகளில் தாய்ச்செடி பூத்துவிடாமலிருக்க இதையே வேண்டுமென்று செய்கிறார்கள். அங்கே சுமார் 100 லக்ஸ் (லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழும் ஒளியின் அளவு) கொடுப்பது வழக்கம். அது தவறாமல் வேலை செய்வதற்காகக் கூட்டி வைத்த அளவு. இரவு முழுவதும் எரியும் விளக்காக இருந்தால் அதைவிட மிகக் குறைந்த ஒளியும் பல ரகங்களைத் தடுக்கும்.

வராந்தா பல்பைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 9 வாட் எல்.இ.டி. தரும் மொத்த ஒளி ஏறத்தாழ 800 லூமென். எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுவதாக வைத்துக்கொண்டால் 1 மீட்டரில் 64 லக்ஸ், ஒன்றரை மீட்டரில் 28, 2 மீட்டரில் 16, மூன்றரை மீட்டரில் 5. வெள்ளைக் கூரை இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். மொட்டு வைக்காத நான்கு தொட்டிகளும் பல்பிலிருந்து 2 மீட்டருக்குள் இருந்தன. தூண் மறைத்த தொட்டிகளுக்கும், மூன்றரை மீட்டர் தாண்டிய கடைசித் தொட்டிக்கும் பாதிப்பு இல்லை. கருவி இல்லாத வீட்டில் ஒரு சோதனை போதும்: இரவு செடி இருக்கும் இடத்தில் நின்று அச்சிட்ட சின்ன எழுத்தைச் சிரமமில்லாமல் படிக்க முடிந்தால், அந்த இடம் சாமந்திக்கு இருட்டு இல்லை.

இந்த வீட்டில் யோசித்த முதல் தீர்வு, பல்பை மாற்றிச் சிவப்பு இரவு விளக்கு போடுவது. நல்லவேளை போடவில்லை. மனிதக் கண்ணுக்குச் சிவப்பு மங்கல். ஃபைட்டோக்ரோமுக்கு இருட்டைக் கலைப்பதில் சிவப்பை மிஞ்சிய நிறம் இல்லை.

விளக்கை அணைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அறுவை முடிந்த மூத்தவர் நடக்கும் வழியில் ஒரு பூவுக்காக இருட்டு வேண்டாம். நகர்த்த வேண்டியது தொட்டியைத்தான். முதல் ஐந்து தொட்டிகளும், ஜன்னல் இல்லாத பின்சுவர் அருகே, நாளுக்கு ஐந்து மணி நேரம் வெயில் விழும் இடத்துக்குப் போயின. வராந்தாவில் கதவுக்கு மேலிருந்த பல்புக்குப் பதிலாக, தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், ஒளி கீழே மட்டும் விழுமாறு மூடி வைத்த மூன்று சின்ன சென்சார் விளக்குகள், ஆள் நடந்தால் மட்டும் எரிபவை. நடப்பவருக்கும் இதுவே வசதி. கண் கூசாது, தரை தெரியும்.

நகர்த்த இடமே இல்லாத வீடுகளில் கறுப்புத் துணி போட்டு மூடலாம். மாலை 6 மணிக்குப் போட்டுக் காலை 8 மணிக்கு எடுக்க வேண்டும், மொட்டு நிறம் காட்டும்வரை தினமும். ஒருநாள் மறந்தால் குடி முழுகாது; வாரத்தில் மூன்று நாள் மறந்தால் பூ தள்ளிக்கொண்டே போகும். துணியைச் செடியின் மேல் நேரடியாகப் போடாமல் சட்டம் கட்டிப் போட வேண்டும். உள்ளே சூடு தேங்கினால் அந்தச் சூடே மொட்டைத் தாமதப்படுத்தும். அன்றாட வேலையே ஓயாத ஒரு வீட்டில் இது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

யூரியா விஷயம் தனி. மொட்டு வராததற்குச் சத்துக் குறைவு காரணம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இலை கரும்பச்சையாக, தண்டு தடித்து நிற்கும் செடிக்குத் தழைச்சத்து குறைவு இருக்க முடியாது. 25 செ.மீ. தொட்டியில் ஒரு தேக்கரண்டி யூரியா மிக அதிகம். இலை விளிம்பு கருகாமல் தப்பித்ததே பெரிது. தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு, அதாவது சுமார் 16 முதல் 18 லிட்டர் தண்ணீர், மெதுவாக ஊற்றி அடித்துளை வழியாக வழிய விட்டார்கள். பிறகு மொட்டு தெரியும்வரை உரம் எதுவும் இல்லை.

சலவைத் தண்ணீர்

பாத்தியில் தெரிந்தது வேறு படம். ரோஜாவின் இளம் இலைகள் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. பழைய இலைகள் நன்றாகவே இருந்தன. காஸ்மாஸ் இலைநுனிகள் காய்ந்து பழுப்பு. மண்ணின் மேல் ஒரு மெல்லிய ஓடு. தண்ணீர் விட்டால் இறங்காமல் நின்றது. ஜன்னலுக்கு நேர் கீழே எல்லாம் கடுமை, 4 மீட்டர் தள்ளிப் போனால் குறைவு. குழாய் எங்கே ஊற்றியதோ அங்கிருந்து வெளியே பரவிய தடம்.

சலவைத்தூளில் சோடியம் கார்பனேட் பெரும்பங்கு வகிக்கும். அது கலந்த தண்ணீரின் பி.எச். (அமில, கார அளவு; 7க்கு மேல் காரம்) 9க்கு மேல் போகும். மண் காரமானால் இரும்பு கரையாமல் முடங்கிக்கொள்ளும். இரும்பு செடிக்குள் பழைய இலையிலிருந்து புதிய இலைக்கு நகராத சத்து என்பதால் குறை இளம் இலையில்தான் முதலில் தெரியும். தழைச்சத்துக் குறை இதற்கு நேர் எதிர். பழைய இலையில் தொடங்கும். மஞ்சள் இலை என்றதும் உரம் போடுபவர்கள் எந்த இலை மஞ்சள் என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். சோடியம் செய்யும் இன்னொரு வேலை, களித்துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் கால்சியத்தைத் துரத்திவிட்டு அந்த இடத்தில் உட்கார்வது. துகள்கள் பிரிந்து, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். மேலே ஓடு கட்டியதற்குக் காரணம் அதுதான்.

உறுதி செய்ய ஒரு கண்ணாடி டம்ளரும் மழைநீரும் போதும். காய்ந்த மண்கட்டி ஒன்றை, சுண்டைக்காய் அளவு, தண்ணீருக்குள் மெதுவாக விட்டு அசைக்காமல் வைக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்துக் கட்டி வெறுமனே உதிர்ந்து கிடந்தால் பயமில்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலங்கல்போல் ஒரு வளையம் பரவினால் சோடியம் ஏறியிருக்கிறது. இந்தப் பாத்தியின் ஜன்னல் பக்கத்து மண் அரை மணி நேரத்திலேயே கலங்கியது. மறுமுனை மண் தெளிவாக நின்றது.

சரிசெய்த முறை: முதலில் குழாயைப் பாத்தியிலிருந்து எடுத்து, குழாய் வேலை முடியும்வரை கழிவறைத் தரைத்துளையில் விட்டது. இதை முதல் நாளே செய்திருக்கலாம். அந்தத் துளை ஜன்னலைவிடத் தொலைவில் இருந்தது, அவ்வளவுதான் காரணம். அடுத்து, சதுர மீட்டருக்கு அரை கிலோ வீதம் ஜிப்சம், அதாவது சோடியம் துரத்திய கால்சியத்தைத் திரும்பக் கொடுக்கும் கால்சியம் சல்பேட். பாத்தி 3.6 சதுர மீட்டர், ஆகவே 1.8 கிலோ. மேல் ஓட்டைக் கைக்கொத்தால் உடைத்து, மேல் 5 செ.மீ. மண்ணோடு கலந்தார்கள். அதற்கும் கீழே கொத்தினால் ரோஜா வேர் அறுபடும். பிறகு கழுவுதல். 30 செ.மீ. ஆழ மண்ணிலிருந்து உப்பில் சுமார் பாதியை வெளியேற்ற 15 செ.மீ. உயரத் தண்ணீர் வேண்டும். இந்தப் பாத்திக்கு 540 லிட்டர். ஒரே நாளில் விட்டால் வேர் மூச்சுத் திணறும், தண்ணீரும் சுவர் அடியில் போகும். 90 லிட்டர் வீதம் ஒருநாள் விட்டு ஒருநாள், ஆறு தடவை. ஜிப்சம் போடாமல் வெறும் தண்ணீரால் கழுவினால் களிமண் இன்னும் கெட்டியாகும். வரிசை மாறக் கூடாது. ரோஜாவுக்கு இரும்புச்சத்து உடனடியாகத் தேவைப்பட்டது. கடையில் எளிதாகக் கிடைக்கும் ஈ.டி.டி.ஏ. (EDTA) இரும்பு கார மண்ணில் நிற்காது. ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) இரும்பு என்று உறையில் போட்டிருப்பதை வாங்கி, உறையில் சொன்ன அளவில் மண்ணில் ஊற்ற வேண்டும்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். நோயாளியின் துணிகளுக்குக் கிருமிநாசினி சேர்த்திருந்தார்கள். கழிவு பட்ட துணி துவைத்த தண்ணீரை, கிருமிநாசினி போட்டதோ போடாததோ, கை வைத்துப் பூப் பறிக்கும் பாத்தியில் விடவே கூடாது. சாதாரண நாளில் கடைசி அலசல் தண்ணீரை மட்டும், களி குறைந்த மண்ணில், நல்ல தண்ணீரோடு மாற்றி மாற்றி விடுவதில் பெரிய கேடில்லை. தொட்டிச் செடிக்கு அதுவும் வேண்டாம். உப்பு போக வழியில்லை.

ஒரு மக் தண்ணீர்

"தினமும் எல்லாத்துக்கும் ஊத்திட்டுதானேம்மா இருக்கேன்!" என்றான் மகன். பொய் இல்லை. அரை லிட்டர் மக்கால் தொட்டிக்கு ஒரு மக், ஒருநாள் தவறாமல். ஆனாலும் முற்றத்து டேலியா காய்ந்து தொங்கியது. படிக்கட்டுச் செண்டுமல்லி அழுகியது.

இதையும் கணக்காகப் பார்த்தால் புரியும். 30 செ.மீ. தொட்டியின் வாய் ஏறத்தாழ 700 சதுர செ.மீ.; அரை லிட்டர் அதில் 7 மில்லிமீட்டர் உயரம்தான். ஓரளவு உலர்ந்த கலவையில் அது மேல் 3 செ.மீ. ஆழத்தை நனைத்துவிட்டு நின்றுவிடும். மேலே பார்த்தால் ஈரம், கிழங்கு இருக்கும் ஆழத்தில் தூசி. 15 செ.மீ. தொட்டிக்கு வாய்ப்பரப்பு கால் பங்கு. அதே மக் 28 மில்லிமீட்டர். தொட்டி அடிவரை நனைந்து, மிச்சம் தட்டில் தேங்கி, அடுத்த நாள் அது வற்றும் முன்பே இன்னொரு மக். பகல் குறுகி, வெயில் தணியும் காலத்தில் செடி குடிப்பதும் குறைகிறது. கோடையில் பொருந்திய அளவு இப்போது சின்னத் தொட்டிக்கு வெள்ளம்.

பெரிய தொட்டியில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொண்டது. கோகோபீட் கலவை முழுக்க உலர்ந்தால் சுருங்கித் தொட்டிச் சுவரிலிருந்து விலகும். ஊற்றிய தண்ணீர் அந்த இடைவெளி வழியே நேராகக் கீழே ஓடிவிடும். அடியில் தண்ணீர் வழிவதைப் பார்த்து, நிறைய ஊற்றிவிட்டோம் என்று நினைக்கத் தோன்றும். மேலிருந்து எவ்வளவு ஊற்றியும் பயனில்லை. தொட்டியையே ஒரு பெரிய பேசினில், மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குத் தண்ணீர் விட்டு வைத்தார்கள். குமிழி வருவது நிற்க அரை மணி நேரமானது. பிறகு எடுத்து வடியவிட்டு, சுவர் இடைவெளியில் புதுக் கலவை திணித்தார்கள்.

அழுகிய செண்டுமல்லியை அடையாளம் காண்பது எளிது. மண் ஈரமாக இருந்தும் நண்பகலில் வாடும். தட்டி வெளியே எடுத்து ஒரு வேரை விரல்களுக்கிடையே பிடித்து இழுத்தால், மேல்தோல் உறைபோல் உருவிக்கொண்டு வரும். நடுவில் நூலாக ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். தேங்கிய ஈரத்தில் பெருகும் பித்தியம் என்ற நுண்ணுயிரியால் வரும் வேரழுகலில் வழக்கமாகக் காணும் அடையாளம் இது. பதினொன்றில் நான்கு இந்த நிலையில் இருந்தன. பருவக் கடைசியில் அவற்றைக் காப்பாற்ற முயல்வது வீண், மண்ணோடு கொட்டிவிட்டார்கள். தொட்டிகளைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தார்கள். மற்ற ஏழுக்கும் அடித்தட்டை எடுத்ததே மருந்து.

மகனுக்குப் புதிய முறையாகக் கொடுத்தது, ஊற்றும் அளவு அல்ல, தூக்கிப் பார்க்கும் பழக்கம். சின்னத் தொட்டியை ஒரு கையால் தூக்கி, கனமாக இருந்தால் விட்டுவிட வேண்டும். தூக்க முடியாத தொட்டியில் ஒரு மெல்லிய மூங்கில் குச்சி நிரந்தரமாகச் செருகியிருக்கும்; உருவிப் பார்த்து, 10 செ.மீ. ஆழத்தில் குச்சி உலர்ந்திருந்தால் அடித்துளையில் வழியும்வரை ஊற்ற வேண்டும், மூன்று லிட்டரோ நான்கோ. பெரும்பாலான நாட்களில் ஊற்றவே வேண்டியிருக்காது. படிக்கிற பையனுக்கு வேலை குறைந்ததில் வருத்தமில்லை.

துணிக்கொடியும் சாம்பல் நோயும்

ஜினியா இலைகளில் வெள்ளை மாவு படர்ந்தது நான்காவது வாரத்தில். சாம்பல் நோய்ப் பூசணத்துக்கு இலை நனைய வேண்டியதில்லை. நிழலும், காற்றோட்டமில்லாத ஈரப்பதமும் போதும். ஈர விரிப்புகள் அரை நாள் பாத்தியை மூடித் தொங்கியதில் இரண்டும் கிடைத்தன. கொடியை மாற்றியதும் புதிய இலைகளில் பரவல் தணிந்தது. லிட்டருக்கு 5 கிராம் பொட்டாசியம் பைகார்பனேட், சில துளி திரவ சோப்பு, மாலையில் தெளிப்பது என்ற முறை புதிய இலையைக் காக்கும். ஏற்கெனவே வெளுத்த இலையை மீட்காது. எங்கள் கணிப்பில், பருவம் முடிய ஆறு வாரத்துக்குள் இருக்கும் ஜினியாவுக்குத் தெளிப்பு தேவையே இல்லை. சுத்தமான செடிகளில் விதைக்கு நாலைந்து தலைகளை விட்டு மீதியைப் பிடுங்கிப் பையில் கட்டி எறிந்துவிடலாம். ரோஜாவுக்குத் தொற்றிவிடுமோ என்ற கவலையும் வேண்டாம். ரோஜாவின் சாம்பல் நோய் வேறு பூசணம்.

செண்டுமல்லி பூப்பதை நிறுத்தியதற்கும் இலைப்புள்ளியோ பூச்சியோ காரணம் இல்லை. மூன்று வாரம் வாடிய பூவைக் கிள்ளவில்லை. விதை பிடித்ததும் செடி தன் வேலை முடிந்ததென்று ஓய்ந்துவிட்டது. நனைந்த பழைய தலைகளில் சாம்பல் நிறப் பஞ்சுப் பூசணமும் ஏறியிருந்தது; வேரழுகல், சாம்பல் நோய் ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாவது நோய் அதுதான். தலைகளைக் காம்போடு, கீழே உள்ள முதல் இலைக் கணு வரை வெட்டி எடுத்ததும் பக்கக் கிளைகள் கிளம்பின.

எதை முதலில், எதை விட்டுவிடுவது

வீட்டில் ஒருவருக்கு முழுநேரக் கவனிப்பு தேவைப்படும் காலத்தில் தோட்டத்துக்குக் கிடைப்பது நாளுக்குப் பத்து நிமிடம் என்றால், அந்தப் பத்து நிமிடத்துக்குக் கறாரான வரிசை வேண்டும். இந்த வீட்டில் வைத்த வரிசையில் தண்ணீர் பார்ப்பது முதலாவது. அடுத்தது வாடிய பூ, அதுவும் செண்டுமல்லிக்கும் காஸ்மாஸுக்கும் மட்டும். மூன்றாவது, வாரம் ஒருமுறை இலைக்கு அடியில் பார்ப்பது: ஒரு கிளையை வெள்ளைத்தாளின் மேல் தட்டி, நகரும் புள்ளிகள் விழுந்தால் செஞ்சிலந்தி, தண்ணீர் பீய்ச்சி இலையடியைக் கழுவி, நான்கு நாள் இடைவெளியில் இரண்டு முறை திரும்பச் செய்வது. உரம், மண் கிளறல், தொட்டி மாற்றுதல் எல்லாம் நிறுத்தம். ரோஜாவை ஆழமாகக் கவாத்து செய்வதும் வேண்டாம். இப்போது வெட்டினால் வரும் இளந்தளிர் முற்றுவதற்குள் பருவம் மாறிவிடும்.

வெளியூர் போக வேண்டிய நாட்களுக்கு, சின்னத் தொட்டிகளைச் சேர்த்து நிழலில் நெருக்கி வைத்தாலே நான்கு நாள் தாங்கும். திரி வைப்பதானால் 6 மில்லிமீட்டர் நைலான் கயிறு. வாளி தொட்டியைவிட உயரத்தில், கயிறு முன்பே நனைத்தது, மண்ணுக்குள் 8 செ.மீ. இறங்கியது. உலர்ந்த கயிற்றை அப்படியே போட்டுவிட்டுப் போனால் சில சமயம் தண்ணீர் ஏறவே ஏறாது. புறப்படும் முதல் நாளே வைத்து, மறுநாள் மண் ஈரமாகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

பத்தாவது வாரத்தில்

தூணுக்கு அப்பால் இருந்த நான்கு சாமந்தியும் முழுப்பூ. பின்சுவருக்குப் போன ஐந்தில் நான்கு, நான்கு வாரம் கழித்து, தடவினால் தெரியும் மொட்டுகள் வைத்திருந்தன. நீண்ட இரவு தொடங்கியதிலிருந்து பூ விரிய ரகத்தைப் பொறுத்து ஏழு முதல் பத்து வாரம் ஆகும், ஆகவே இவை விரிவது பருவத்தின் நுனியில். ஐந்தாவது தொட்டியின் அரைகுறை மொட்டுகளைக் கிள்ளி எறிந்து, அடியிலிருந்து வந்த பக்கத்தளிர்களை விட்டார்கள். அவை மற்றதைவிடப் பிந்தும். கதவுக்கு மிக அருகில் இருந்த முதல் தொட்டி இன்னும் இலை மட்டும். யூரியா அதில் முழுதாகக் கழுவப்படவில்லையா, அதன் வேருக்கு வேறு சேதமா என்று பிரித்துச் சொல்ல இந்த ஒரு தொட்டி போதாது.

ரோஜாவின் புதிய இலைகள் மூன்று வாரத்தில் பச்சையாயின. மஞ்சளான இலைகள் பெரிதாகத் தேறவில்லை, தேற வேண்டிய அவசியமும் இல்லை. ஜன்னலடியில் மண்கட்டிச் சோதனை இரண்டாம் முறை செய்தபோது வளையம் மங்கலாக இருந்தது, மறையவில்லை. அடுத்த நடவுக்கு முன் இன்னொரு கால் கிலோ ஜிப்சம் அந்த ஒரு சதுர மீட்டருக்கு மட்டும் தேவைப்படும்.

காஸ்மாஸ், ஜினியா விதைகளைத் தலை பழுப்பாகிக் காம்பும் காய்ந்த பிறகு எடுத்தார்கள். காகிதத்தில் பரப்பி நிழலில் உலர்த்தி, வளைத்தால் ஒடியும் நிலை வந்ததும் மூடிய புட்டியில் போட்டார்கள். விதையின் ஈரம் 1 சதவீதம் குறைய அதன் ஆயுள் இரட்டிக்கும், வைக்கும் வெப்பம் 5 டிகிரி குறையவும் அப்படியே என்பது விதைச் சேமிப்பில் பழைய கணக்கு. மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இந்த வீட்டில் அப்போது நிறையவே இருந்தன. எஃப்1 (முதல் தலைமுறைக் கலப்பினம்) என்று உறையில் போட்ட ஜினியாவின் விதையை எடுக்கவில்லை, தாயைப்போல் வராது.

டேலியா இலை தானாக மஞ்சளாகும்வரை விட்டு, தண்டை 10 செ.மீ. உயரத்தில் வெட்டி, பத்து நாள் தண்ணீர் நிறுத்திக் கிழங்கைத் தோண்டினார்கள். தண்ணீர் எட்டாமல் காய்ந்து நின்ற வாரங்களில் கிழங்கு சிறுத்திருந்தது. ஆனாலும் தண்டின் அடிக்கழுத்தில் கண் இருந்தால் சின்னக் கிழங்கும் முளைக்கும். கழுத்து ஒடிந்த பெரிய கிழங்கு முளைக்காது. கண் தெரிந்த ஆறு கிழங்குகளை லேசாக ஈரமான கோகோபீட்டில் புதைத்து, உறையாத குளிர்ந்த மூலையில் வைத்தார்கள். மாதம் ஒருமுறை தொட்டுப் பார்த்து, சுருங்கினால் சிறிது தண்ணீர் தெளிப்பது, கொழகொழத்தால் அந்தக் கிழங்கை மட்டும் எடுத்து எறிவது. அந்த வேலையைப் பாட்டி கேட்டு வாங்கிக்கொண்டார். பெட்டி இப்போது அவர் எட்டும் உயரத்தில் ஒரு பலகையில் இருக்கிறது.